மூன்று வருஷ மூட்டை

“கட்டின துணியோட வந்தாங்க.”

தாத்தாவோ பூட்டனோ மலாயாவுக்கு எப்படி வந்தார் என்று கேட்டால் நம் வீடுகளில் பெரும்பாலும் இந்தப் பதில்தான் கிடைக்கும். வறுமைக்குச் சான்றாகவே இதைக் கேட்டுப் பழகிவிட்டோம். வறுமை பொய்யில்லை. பஞ்சமும் கடனும் நிலமில்லாமையும்தான் தஞ்சாவூர், திருச்சி, சேலம், வட ஆற்காடு பக்கத்திலிருந்து ஆட்களைக் கடல் பக்கம் தள்ளின. ஆனால் மூட்டை சிறுத்துப்போனதற்கு வறுமையோடு இன்னொரு கணக்கும் காரணம். எத்தனை நாளைக்குப் போகிறோம்? எப்போது திரும்புவோம்?

வெளிநாடு கிளம்பும் யாரும் இந்தக் கணக்கைப் போட்டுத்தான் பெட்டி கட்டுகிறார்கள். ஒரு வாரம் என்றால் தோள்பை போதும். ஒரு வருஷம் என்றால் பெரிய பெட்டி. இனிமேல் அங்கேதான் என்றால் கல்யாண ஆல்பமும் படிப்புச் சான்றிதழும் அம்மாவின் புடவையும் உள்ளே போகும். நம் முன்னோர் போட்ட கணக்கு மூன்று வருஷம். தங்கியது மூன்று தலைமுறை. இந்த இடைவெளியில் அவர்கள் எடுத்துவராத ஒரு பொருள் பின்னால் பெரிய விலை கேட்டது.

*

‘மூன்று வருஷம்’ எங்கிருந்து வந்தது? ஒப்பந்தக் கூலி முறை நடந்த காலத்தில் மலாயாவுக்கு வந்தவர்களைப் பொதுவாக மூன்று ஆண்டு வரை கட்டிவைத்திருந்தார்கள். அந்த முறை 1910-இல் முடிவுக்கு வந்தது. அதற்குள் ரப்பர் வந்துவிட்டது, கங்காணி முறையும் பலப்பட்டுவிட்டது. கங்காணி முறையில் சட்டப்படி மாதக் கணக்குதான். ஒரு மாத முன்னறிவிப்புக் கொடுத்துவிட்டு யாரும் விலகலாம். ஆனால் சட்டம் ஊருக்குள் வந்து பேசவில்லை, கங்காணிதான் வந்து பேசினார். நல்ல வேட்டி, தோளில் துண்டு, கையில் குடை. “ரெண்டு மூணு வருஷம் இருந்து நாலு காசு சேத்துக்கிட்டுத் திரும்பிடலாம்” என்பதே அவர் பேச்சின் சாரம். ஆள் பிடித்துத் தந்ததற்கும், பிடித்த ஆள் தினமும் வேலைக்கு இறங்கியதற்கும் அவருக்குத் தலைக்காசு உண்டு. அவருடைய வருமானம் மற்றவர்கள் தங்குவதில் இருந்தது. பேச்சு மட்டும் திரும்புவதைப் பற்றி இருந்தது.

கங்காணியின் கையில் உரிமப் பத்திரம் ஒன்று இருந்தது. மலாயாத் தொழிலாளர் இலாகா கொடுத்தது அது. அவர் சேர்த்த ஆட்களின் பெயர்கள் அதில் ஏறும், அவர்கள் கிளம்புவதில் தடையில்லை என்று கிராம முன்சீப் கையெழுத்திடுவார். பிறகு ஆவடி அல்லது நாகப்பட்டினத்தை அடுத்த பாப்பாகோவில் முகாம். சுமார் ஒரு வாரம் அங்கே தங்கவேண்டும். அம்மைத் தடுப்பு ஊசி, உடம்புப் பரிசோதனை, விசாரணை எல்லாம் அங்கேதான். கப்பல் கட்டணத்தை 1907-இல் ஏற்படுத்திய குடிநுழைவு நிதி ஏற்றுக்கொண்டது. தோட்ட முதலாளிகளிடம் வசூலித்த பணம் அது.

கப்பலில் மேல்தட்டுப் பயணம், ஒரு வாரம் பாயும் மூட்டையும்தான் வீடு. 1926-இல் கட்டப்பட்ட ரஜூலா ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட மேல்தட்டுப் பயணிகளை ஏற்ற அனுமதி பெற்ற கப்பல். அத்தனை பேர் நெருக்கியடித்த தளத்தில் எவ்வளவு பெரிய மூட்டையை வைத்துக்கொள்ள முடியும்? பினாங்கு வந்ததும் நேராக ஊருக்குள் போக முடியாது. புலாவ் ஜெரஜாக் தீவில் தடுத்துவைப்பார்கள். சிங்கப்பூருக்கு வந்தவர்களுக்குச் செயின்ட் ஜான்ஸ் தீவு. குளிக்கவைத்து, துணிமணிகளைக் கிருமிநீக்கம் செய்து திருப்பிக் கொடுப்பார்கள். ஊரிலிருந்து வந்த துணியில் ஊர் வாசனை கொஞ்சம் மிச்சமிருந்தால் அதுவும் அங்கே போயிருக்கும்.

இந்தப் பயணம் முழுக்கப் பெயர், ஊர், வயது, தகப்பன் பெயர் என்று எங்கும் எழுதிக்கொண்டே இருந்தார்கள். கங்காணியின் உரிமத்தில், முகாம் பதிவேட்டில், கப்பல் பட்டியலில், பிறகு தோட்டத்தின் செக்ரோலில். எழுதப்பட்டவரின் மூட்டைக்குள் அவற்றில் ஒன்றுகூடப் போகவில்லை. திரும்பப் போகிறவருக்கு அது எதற்கு என்று அவரும் கேட்கவில்லை.

*

சரி, மூட்டைக்குள் என்னதான் இருந்தது? மாற்று வேட்டி அல்லது சேலை, ஒரு பாய், ஒரு செம்பு அல்லது சொம்புத் தண்ணீர் பிடிக்கும் ஏதோ ஒரு ஏனம், வெற்றிலைப் பை, கொஞ்சம் ஊறுகாய் அல்லது கருவாடு. குடும்பமாக வந்தவர்களிடம் இதைவிடச் சற்றுக் கூடுதலாக இருந்திருக்கும். ஆனால் குடும்பமாக வந்தவர்கள் நெடுங்காலம் குறைவு. 1931 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில்கூட மலாயாவில் ஆயிரம் இந்திய ஆண்களுக்கு ஐந்நூறுக்கும் குறைவான பெண்களே இருந்தார்கள். மூன்று வருஷத்துக்குத் தனியாகப் போகிற ஆணுக்கு அம்மி எதற்கு, ஆட்டுக்கல் எதற்கு? லயத்தில் ஒரு மங்கும் ஒரு சட்டியும் போதும்.

எடை இல்லாத இரண்டு பொருட்கள் மட்டும் தப்பாமல் வந்தன.

ஒன்று சாமி. குலதெய்வக் கோயிலில் பிடிமண் எடுத்துப் போய் வேறு ஊரில் போட்டுச் சாமியை நிறுத்துவது தமிழ்க் கிராமங்களில் பழைய வழக்கம். மாரியம்மனும் முனியாண்டியும் மதுரைவீரனும் தோட்டங்களுக்கு வந்த கதையைக் கேட்டால் முந்தானையில் முடிந்த ஒரு பிடி மண், எல்லைக்கல்லாக நட்ட ஒரு கல், ஒரு சூலம் என்றுதான் தொடங்கும். மண்ணுக்குக் கப்பல் கட்டணம் கிடையாது.

இன்னொன்று சாதி. மூட்டையை அவிழ்த்துப் பார்த்த எந்த அதிகாரி கண்ணிலும் அது படவில்லை. ஜெரஜாக்கின் ஆவியில் பேன் செத்தது, சாதி சாகவில்லை. தோட்டத்துக்கு வந்தவர்களில் பெரும்பகுதியினர் ஒடுக்கப்பட்ட சாதியினர். ஊரின் சேரியைவிட்டு ஆயிரம் மைல் தாண்டி வந்தவர்களுக்குப் பல தோட்டங்களில் லயம் தனியாக ஒதுக்கப்பட்டது. திருவிழாவில் யார் முதலில், யார் தேர் வடத்தைத் தொடலாம் என்பதில் ஊர்ப் பழக்கம் அப்படியே நின்றது. 1929 டிசம்பரில் பெரியார் பினாங்கில் வந்து இறங்கியபோது இங்கே பேசுவதற்கு அவருக்கு விஷயம் இருந்தது. அந்தச் சூட்டில்தான் சிங்கப்பூரில் 1932-இல் தமிழர் சீர்திருத்தச் சங்கமும் 1935-இல் கோ. சாரங்கபாணியின் தமிழ் முரசும் வந்தன. எதையும் எடுத்துவராத ஏழைகள் என்று முன்னோரைப் பற்றி உருகும்போது இதையும் சேர்த்துச் சொல்லவேண்டும். அவர்கள்மேல் சுமத்தியதை அவர்களில் சிலர் இங்கே வந்து மற்றவர்மேல் இறக்கிவைத்தார்கள்.

*

இதே கடலில், இதே மூன்று வருஷக் கணக்கோடு இன்னொரு கூட்டமும் வந்தது. நாட்டுக்கோட்டைச் செட்டியார்களின் வட்டிக்கடை முகவர்களுக்கும் கணக்கு பொதுவாக மூன்று வருஷம்தான். அவர்களும் மனைவி மக்களைச் செட்டிநாட்டில் விட்டுவிட்டுத்தான் வந்தார்கள். சிங்கப்பூர் மார்க்கெட் தெருவிலும் பினாங்கிலும் இருந்த கிட்டங்கிகளில் ஒருவருக்குக் கிடைத்த இடம் கொஞ்சம்தான். உட்கார ஒரு பாய், முன்னால் ஒரு கணக்குப் பெட்டி, பின்னால் ஓர் அலமாரி அல்லது இரும்புப்பெட்டி. ராத்திரி அதே இடத்தில் படுக்கை. தோட்டத்து லயத்தைவிட அதிக இடம் என்று சொல்ல முடியாது.

ஆனால் அந்தப் பெட்டிக்குள் இருந்தது பேரேடு. யாருக்கு எவ்வளவு, எந்தத் தேதியில், என்ன வட்டிக்கு என்று எல்லாம் அவர் கையால், அவர் மொழியில் எழுதியது. பெட்டியடிப் பையனாக வந்தவனுக்கு அடுத்தாள், மேலாள் என்று போகும் வழி தெரியும், சம்பளம் தெரியும், தவணை முடியும் நாள் தெரியும். அவனுடைய மூன்று வருஷம் எழுத்தில் இருந்தது. கூலிக்கு வந்தவனின் மூன்று வருஷம் கங்காணியின் வாயில் இருந்தது.

அதனால்தான் ஒரு பக்கம் பொருட்கள் இரண்டு திசையிலும் ஓடின. 1894-இல் காரைக்குடியிலிருந்து பினாங்குக்கு வெள்ளிரதம் கப்பலேறி வந்தது. பர்மாத் தேக்கும் வண்ணக் கண்ணாடியும் செட்டிநாட்டு வீடுகளுக்குப் போயின. எனாமல் ஏனங்களுக்குச் செட்டிநாட்டில் இன்றும் ‘மங்குச் சாமான்’ என்றுதான் பெயர். கிண்ணத்துக்கு மலாயில் சொல்லும் ‘மங்கோக்’ நினைவுக்கு வருகிறதா? லயத்துக்காரர் தேநீர் குடித்த மங்கும் அந்த மாளிகையில் அடுக்கிவைத்த மங்கும் பெயரில் ஒன்று.

தோட்டத்துக்காரரும் திரும்பும்போது பெட்டி கட்டினார். ஆனால் அது ஊருக்காகக் கட்டிய பெட்டி. கைலி, டார்ச் லைட், கோடாலித் தைலம், அக்காள் மகளுக்கு ஒரு பவுனில் ஏதாவது. வெறுங்கையோடு போனவர் வெறுங்கையோடு வந்து நின்றால் ஊர் என்ன சொல்லும்? 1920களின் கடைசியில் ஆணுக்கு நாள் சம்பளம் 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. அதில் இந்தப் பெட்டி நிறையும்வரை பயணம் தள்ளிப்போனது. “அடுத்த வருஷம் ஊருக்குப் போறோம்” என்று சொல்லிக்கொண்டே பல வருஷம் போனது இப்படித்தான்.

விரும்பாதபோது திருப்பி அனுப்பியதும் உண்டு. ரப்பர் விலை சரிந்த 1930–32 காலத்தில் லட்சத்துக்கும் மேற்பட்ட தொழிலாளர்கள் அரசாங்கச் செலவில் தமிழ்நாட்டுக்கு அனுப்பப்பட்டார்கள். கட்டணம் கட்டி வரவழைத்த அதே நிதி கட்டணம் கட்டித் திருப்பி அனுப்பியது. விலை ஏறியதும் மறுபடி ஆள் எடுத்தார்கள். 1938-இல் இந்திய அரசு கூலியாட்களை இப்படி அனுப்புவதைத் தடைசெய்தபோதுதான் கங்காணியின் தொழில் முடிந்தது. அதன் பிறகு மலாயாவில் இருந்தவர்களுக்கு நடுவில் போய்வருவதும் சுலபமாக இல்லை. சில ஆண்டுகளில் போர் வந்து கப்பலே நின்றது.

*

ஜப்பானியர் காலத்தில் இன்னொரு முறை மூட்டை கட்டச் சொன்னார்கள். சில மாத வேலை, நல்ல சம்பளம், சாப்பாடு, முடிந்ததும் திரும்பிவிடலாம் என்றார்கள். தோட்டத்தில் அரிசி இல்லாத நேரம். சிலர் நம்பிப் போனார்கள், பலரைப் பிடித்துப் போட்டார்கள். சயாமுக்கும் பர்மாவுக்கும் நடுவே 415 கிலோமீட்டர் ரயில் பாதை. 1942-இல் தொடங்கி 1943 அக்டோபரில் இரு முனையும் இணைந்தன. மலாயாவிலிருந்து கொண்டுபோனவர்கள் 70,000-க்கும் மேல், பெரும்பாலோர் தமிழர். காலராவிலும் மலேரியாவிலும் பட்டினியிலும் பல்லாயிரம் பேர் அந்தக் காட்டிலேயே போனார்கள்.

அவர்களும் சில மாதத்துக்கான மூட்டையைத்தான் எடுத்துக்கொண்டு போனார்கள். அங்கே இறந்த வெள்ளைச் சிப்பாய்களுக்குக் காஞ்சனபுரியில் பெயர் பொறித்த கல்லறைகள் வரிசையாக இருக்கின்றன. சிப்பாய்க்குப் படைப்பிரிவு எண் இருந்தது, பதிவு இருந்தது, தோழர்கள் ஒளித்துவைத்த நாட்குறிப்பு இருந்தது. தமிழ்த் தொழிலாளிக்கு அந்த வரிசையில் இடம் இல்லை. பதினைந்து வருஷத்துக்கு முன் முகாமில் செய்ததுபோலவே இங்கேயும் அவரைத் தலையெண்ணி அழைத்துப் போனார்கள். அவர் பெயரைச் சொல்லும் காகிதம் அவரிடம் இல்லை.

*

சுதந்திரம் வந்தபோது அந்தக் காகிதத்தைத்தான் கேட்டார்கள்.

தோட்டத் தமிழர் பலர் முதன்முதலாகத் தம் சட்டைப்பையில் வைத்துக்கொண்ட அரசாங்க அட்டை 1948-இல் அவசரகாலம் பிறந்தபோது வந்த அடையாள அட்டை. அதுவும் அவர்களுக்காக வந்தது அல்ல. கம்யூனிஸ்டுகளை மக்களிடமிருந்து பிரித்தறிய வந்தது. 1957 மெர்டேக்காவுக்குப் பின் இங்கே பிறக்கும் குழந்தைக்கு அந்நாளைய சட்டப்படி குடியுரிமை தானாக வந்தது. அதற்கு முன் பிறந்தவர்களும் இந்தியாவில் பிறந்து இங்கே வாழ்ந்தவர்களும் விண்ணப்பம் செய்யவேண்டும். இத்தனை ஆண்டு இங்கே இருந்தேன் என்று காட்டவேண்டும், ஓரளவு மலாய் தெரிந்திருக்கவேண்டும், உறுதிமொழி எடுக்கவேண்டும்.

பிரட்டுக் களத்தில் காலை ஆறு மணிக்கு நிற்கும் ஒருவருக்கு இந்தப் பட்டியல் எப்படித் தெரிந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். அவர் பிறந்த ஊரில் பிறப்புச் சான்றிதழ் என்ற பேச்சே இல்லை. வந்த கப்பலின் பெயர் நினைவிருக்கும், வருஷம் நினைவில்லை. வேலை செய்த தோட்டங்கள் மூன்று, அதில் இரண்டு கைமாறிவிட்டன. செக்ரோலில் கிராணி எழுதிய பெயர் ஒன்று, வீட்டில் கூப்பிடும் பெயர் ஒன்று. இவற்றோடு இன்னொன்றும் இருந்தது. “நாமதான் ஊருக்குப் போகப்போறோமே, எதுக்கு இதெல்லாம்?” என்ற பழைய கணக்கு. மூன்று வருஷம் கடந்து முப்பது வருஷம் ஆகியும் அந்தக் கணக்கை யாரும் திருத்தவில்லை. அலட்சியம் என்று இதைச் சொல்லிவிட முடியாது. சொந்த ஊர் என்று ஒன்று இருக்கிறது என்ற நினைப்புதான் லயத்து வாழ்க்கையைத் தாங்கவைத்தது. குடியுரிமைப் பாரத்தில் கையெழுத்துப் போடுவது, இனி ஊர் இல்லை என்று தன் கையால் எழுதிக்கொடுப்பது மாதிரி.

அப்படி நீல அட்டை வாங்காதவர்கள் கையில் சிவப்பு அட்டை நின்றது. 1968-இல் குடியுரிமை இல்லாதவர்களின் வேலையைக் கட்டுப்படுத்தும் சட்டம் வந்தது. 1969-இல் வேலை செய்ய அனுமதிச் சீட்டு வேண்டும் என்றானது. பால்மரம் வெட்டித் தவிர வேறு தொழில் தெரியாதவரிடம் பால்மரம் வெட்ட அனுமதி இருக்கிறதா என்று கேட்டார்கள். ஏறத்தாழ 60,000 இந்தியத் தொழிலாளர்கள் நாட்டைவிட்டுக் கிளம்பினார்கள் என்பது வரலாற்று நூல்களில் வழக்கமாகச் சொல்லப்படும் எண்ணிக்கை. ரஜூலா அப்போதும் ஓடிக்கொண்டிருந்தது.

நம் புலம்பெயர்வுக் கதையில் அதிகம் எழுதப்படாத பெட்டி அந்தத் திரும்பிய பெட்டிதான். வந்தபோது திரும்பும் நினைப்பில் எதையும் எடுத்துவராதவர்கள், திரும்பும்போது இனி வரமுடியாது என்று தெரிந்து கட்டினார்கள். முப்பது வருஷ வீட்டில் எதை விடுவது? தையல் மெஷினா, பித்தளை அண்டாவா, சுவரில் மாட்டிய சாமிப் படமா? நிரந்தர வாழ்க்கைக்கான பெட்டியைத் தோட்டத் தமிழர் முதன்முதலாகக் கட்டியது மலாயாவுக்கு வரும்போது இல்லை, மலேசியாவைவிட்டுப் போகும்போது. போய் இறங்கிய ஊரில் அவர்களுக்குப் பெயர் ‘மலாயாக்காரங்க’.

*

தங்கியவர்களுக்கும் காகிதம் விடைகொடுக்கவில்லை. 1950களிலிருந்தே ஐரோப்பியக் கம்பெனிகள் தோட்டங்களைத் துண்டாடி விற்கத் தொடங்கியிருந்தன. வெளியேற்றப்பட்டவர்களைக் கண்டு துன் வீ. தி. சம்பந்தன் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தொழிலாளர்களின் சேமிப்பிலேயே தோட்டம் வாங்குவது திட்டம். கெடாவின் புக்கிட் சீடிம் அப்படி வாங்கிய முதல் தோட்டம். கூலிக்கு வந்தவர்களின் பெயர் நிலத்தோடு சேர்த்து எழுதப்பட்ட அபூர்வமான சம்பவம் அது. மற்ற இடங்களில், தோட்டம் செம்பனைக்கும் வீடமைப்புக்கும் மாறியபோது, பிடிமண் போட்டு எழுப்பிய கோயிலிடமும் பட்டாதான் கேட்டார்கள். நூறு வருஷம் கும்பிட்டோம் என்பது பட்டா ஆகாது. மண்ணைக் கொண்டுவந்தவர்கள் மண்ணுக்கான பத்திரத்தைக் கேட்கவில்லை, அவர்களுக்கு யாரும் கொடுக்கவும் இல்லை. இன்றும் அடையாள ஆவணம் இல்லாமல் பள்ளிக்கும் மருத்துவமனைக்கும் அலையும் இந்தியக் குடும்பங்கள் மலேசியாவில் இருக்கின்றன. தாத்தா விட்டுவந்த காகிதத்தைப் பேரன் தேடிக்கொண்டிருக்கிறான்.

“கட்டின துணியோட வந்தாங்க” என்று இனி யாராவது சொன்னால் அடுத்த கேள்வியைக் கேட்டுவிடுங்கள். எந்த வருஷம், எந்தத் தோட்டம், சிவப்பு அட்டையா நீல அட்டையா, யார் திரும்பிப் போனார்கள்? பதில் சொல்லத் தெரிந்தவர்களுக்கு வயது எண்பதைத் தாண்டிவிட்டது. அலமாரியின் அடியில் பழைய பால் மாவு டின்னுக்குள் மடங்கிக் கிடக்கும் காகிதத்தையும் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். தோட்டத்து இலக்கியம் பேசுகிறோம், ஆனால் நம் கையில் இருக்கும் ஆவணங்களில் பாதி துரைமார் எழுதியது.

கேட்டு முடித்தபின் விமான நிலையம் பக்கம் போனால் கொஞ்சம் நின்று பாருங்கள். தமிழ்நாட்டிலிருந்தும் வங்காளதேசத்திலிருந்தும் நேப்பாளத்திலிருந்தும் வந்து இறங்கும் இளைஞர்கள் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். கயிறு கட்டிய பெட்டி, உள்ளே ஊறுகாயும் இரண்டு செட் துணியும், கணக்கு இன்றைக்கும் அதே இரண்டு மூன்று வருஷம். தாத்தாவுக்கு இல்லாத ஒரு பொருள் அவர்களிடம் இருக்கிறது, பாஸ்போர்ட். மலேசியாவின் 1966-ஆம் ஆண்டுக் கடப்பிதழ்ச் சட்டப்படி ஒருவர் பாஸ்போர்ட்டை இன்னொருவர் பிடித்துவைத்துக்கொள்வது குற்றம். ஆனாலும் அழைத்துப்போக வரும் ஏஜெண்டு பல நேரம் பெட்டியைத் தூக்க உதவுவதற்கு முன்னால் அதைத்தான் கை நீட்டி வாங்குகிறார்.